கதவின் தாழ் எந்தப் பக்கம்

எருசலேம் ஆலயம் எரிந்து ஒரு தலைமுறை கடந்திருந்த காலம். கலிலேயாவில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் ஊரில் எலெயாசா என்று யூதர்களின் வேத குரு, ஒரு ரபி, இருந்தார். ஒலிவ எண்ணெய் ஆட்டித்தான் பிழைப்பு. சட்டம் கேட்க வருகிறவர்கள் ஆலைக்கே வருவார்கள். அவர் செக்குக் கல்லைச் சுற்றும் கழுதையின் பின்னால் நடந்துகொண்டே பதில் சொல்வார். பதில் வேண்டுமென்றால் கூடவே நடக்க வேண்டும்.

அந்த ஜனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புனித நூலைத் தொட்டால் கை தீட்டு. கழுவிவிட்டுத்தான் ஆகாரத்தைத் தொட வேண்டும்.

கேட்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். காரணம் சின்னதுதான். முன்பெல்லாம் ஆலய ஆசாரியருக்கு ஒதுக்கிய மாவையும் வேதச் சுருளையும் ஒரே மாடத்தில் வைத்தார்கள். இரண்டும் புனிதம்தானே, சேர்ந்தே இருக்கட்டும் என்று. மாவுக்கு எலி வந்தது. வந்த எலி சுருளையும் கடித்துப் பார்த்தது. பெரியவர்கள் யோசித்தார்கள். சுருளைத் தொட்ட கை தீட்டு, அந்தக் கை பட்ட மாவும் தீட்டு என்று விதி போட்டார்கள். அன்றிலிருந்து மாவும் சுருளும் பிரிந்தன. எலிக்கும் சுருளின் பக்கம் வேலை இல்லாமல் போயிற்று.

ஆகவே ஒரு நூல் புனிதமா இல்லையா என்று கேட்க நினைத்தால், அங்கே இப்படித்தான் கேட்பார்கள்: "இது கையைத் தீட்டாக்குமா?"

யோவேசேர் இந்தக் கேள்வியோடுதான் ஒரு காலைப்பொழுதில் ஆலைக்கு வந்தான்.

அவன் ரபியின் சீடன். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு படிக்க வந்தவன். சுருள் எழுதுவது அவன் தொழில். அவன் கையெழுத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகாது என்று ஊரில் பேர்.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில் அவன் மகள் மில்காள் போய்விட்டாள். ஏழு வயது. ஊருக்குக் கீழே காய்ந்து கிடந்த ஓடையில் ஆட்டுக்குட்டியைத் தேடி இறங்கினாள். ஊரில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மழை மேலே எங்கோ மலையில் பெய்திருந்தது. தண்ணீர் சுவர் மாதிரி வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆட்டுக்குட்டி தானாக வீடு திரும்பியது. மகள் உடம்பாகக்கூடத் திரும்பவில்லை.

அவள் தாய் அக்சாள் அன்றிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. பேச்சும் நின்றது. பக்கத்து வீட்டார் ரொட்டி கொண்டு வைப்பார்கள். அது காய்ந்து கிடக்கும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவள் தலை நிமிரும். அது ஒரு சுருள். பெருவெள்ளத்தில் உலகம் மூழ்கியபோது நோவாவின் மனைவி பேழை என்ற மரக்கப்பலுக்குள் இருந்த நாட்களைச் சொல்லும் கதை. சாயம் விற்று ஊர் ஊராகப் போன அவள் அப்பா எங்கோ வாங்கி, கல்யாணத்தில் மகளுக்குக் கொடுத்தது. அக்சாளுக்கு வாசிக்கத் தெரியாது. பொழுது சாயும்போது யோவேசேர் வாசிப்பான். ஓர் இடம் வரும். அந்த இடத்தைக் கேட்ட பிறகு அவள் ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போடுவாள். அதில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கூரை ஒழுகும் என்று அந்தச் சுருளை யோவேசேர் ஜெப ஆலயப் பெட்டியில் மற்றச் சுருள்களோடு வைத்திருந்தான். மாலையில் எடுத்துப்போவான். காலையில் கொண்டுவந்து வைப்பான்.

பெட்டியின் காவல் மல்கியாவிடம். அவனும் ரபியின் சீடன்தான். வயதில் இளையவன், விதிகளில் மூத்தவன்.

கடலோரத்தில் கூடிய பெரியவர்கள் எந்த நூல்கள் உள்ளே, எந்த நூல்கள் வெளியே என்று பேசி முடித்துவிட்டதாக அந்த வாரம் வழிப்போக்கர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். மல்கியா பெட்டியைத் திறந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். நோவாவின் மனைவியை எடுத்து வெளியே வைத்தான்.

"இது வெளிநூல், யோவேசேர். இனி இங்கே இடம் கிடையாது."

"ஒரு மூலையில் இருக்கட்டுமே. யாருக்கு என்ன இடைஞ்சல்?"

"இன்றைக்கு மூலையில் இருக்கும். நாளைக்கு யாராவது அறியாதவன் எடுத்து ஓய்வுநாளில் சபை நடுவே வாசிப்பான். தெரியாமல்தான் கேட்கிறாயா? வெளிநூலை வாசிக்கிறவனுக்கு வரும் உலகத்தில் பங்கில்லை என்றுகூடச் சொல்கிறார்கள். எரித்துவிடுவதுதான் நல்லது."

"என் மனைவியையும் சேர்த்து எரிக்கச் சொல்."

மல்கியாவுக்கு முகம் சுருங்கியது. அவன் கெட்டவன் இல்லை. மில்காளைத் தேடி இடுப்பளவு சேற்றில் இரண்டு இரவு நடந்தவன் அவன்.

"ரபியிடம் போவோம். அவர் சொன்னால் சரி."

இருவரும் கழுதையின் பின்னால் நடந்தார்கள். ரபி நடுவில்.

"ரபி, இது கையைத் தீட்டாக்குமா?" என்று யோவேசேர் கேட்டான். ஆக்கும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுருள் பெட்டிக்குத் திரும்பிவிடும். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தான். செக்கு மேடையில் கால் இடறியது.

"யார் எழுதியது?"

"தெரியாது ரபி."

"எந்தக் காலத்தில்?"

"அதுவும் தெரியாது."

"தீர்க்கதரிசி யாராவது...?"

யோவேசேர் வாயைத் திறந்தான். ஒரு பொய் அதற்குள் தயாராக இருந்தது. மல்கியா முந்திக்கொண்டான்.

"சாயம் விற்ற இவன் மாமனார் சந்தையில் வாங்கியது, ரபி. கூடவே ஒரு பானை அவுரியும் வாங்கினாராம்."

"அவுரி நல்ல அவுரியா?" என்றார் ரபி.

"அது... தெரியாது ரபி."

"சரி. அக்சாள் கேட்கும் இடத்தை வாசி."

யோவேசேர் சுருளைப் பிரித்தான். நடந்துகொண்டே வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. அவர் கழுதையின் முதுகில் தட்டினார். கழுதை நின்றது. ஆலை அப்படி நடுவேளையில் நின்றதை மல்கியா அதற்கு முன் பார்த்ததில்லை.

யோவேசேர் வாசித்தான்.

"மழை இறங்கியது. நோவாவின் மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெளியே பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. தட்டும் விதத்திலேயே அவளுக்கு ஆள் தெரிந்தது. இது மருத்துவச்சியின் கை என்றாள். இது தச்சனின் கை என்றாள். பிறகு சத்தம் நின்றது. அவள் மாவுக் கையோடு கதவண்டை போய் நின்றாள். கதவைச் சாத்தியவரே, எங்களை உள்ளே வைத்துச் சாத்தினீர், அவர்களோடு யார் இருக்கிறார் என்று கேட்டாள். கர்த்தர் அவளிடம், பெண்ணே, கதவைத் தடவிப் பார், தாழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்றார். அவள் மேலும் கீழும் தடவினாள். உள்ளே தாழ் இல்லை. நான் வெளியிலிருந்துதான் சாத்தினேன் என்றார் கர்த்தர். நானும் தண்ணீரில்தான் நிற்கிறேன் என்றார்."

வாசித்து முடித்தான். கழுதை ஒரு காலை மாற்றி வைத்தது.

ரபி கேட்டார், "மல்கியா, பெரியவர்கள் இதைப் பற்றி என்ன சொன்னார்கள்?"

"பேர் சொல்லிச் சொல்லவில்லை ரபி. சொன்ன பேர்களில் இது இல்லை. இல்லையென்றால் வெளியேதானே?"

"வெளியேதான்," என்றார் ரபி. "இது கையைத் தீட்டாக்காது."

யோவேசேரின் கை தளர்ந்தது. சுருள் தானாகச் சுருண்டுகொண்டது.

"அப்படியானால் எரித்துவிடலாமா, ரபி?" மல்கியா கேட்டான். குரலில் வெற்றி இல்லை.

"எரிக்க நான் சொன்னேனா?"

"இல்லை."

"புதைக்கச் சொன்னேனா?"

"இல்லை ரபி."

"என்ன சொன்னேன்?"

"கையைத் தீட்டாக்காது என்று."

"அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா நிற்கிறோம்? வாருங்கள்."

ரபி யோவேசேரின் கையிலிருந்து சுருளை வாங்கினார். எண்ணெய்க் கையால் வாங்கினார். யோவேசேர் பதறினான்.

"ரபி, கையில் எண்ணெய்..."

"ஆமாம்," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். சீடர்கள் பின்னால் ஓடினார்கள். கழுதை தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டது.

அக்சாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ரபியைப் பார்த்து எழுந்தாள். அவர் கக்கத்தில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

வீட்டின் மறுபக்கம் மாவு பிசையும் மரத்தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் தூசி. ரபி தொட்டியை நிமிர்த்தினார். அங்கியின் ஓரத்தால் துடைத்தார். சுருளை அதன் விளிம்பில் வைத்தார்.

மல்கியா வாசலிலேயே நின்று கத்தினான். "ரபி! அது மாவுத் தொட்டி!"

"பார்த்தால் தெரிகிறதே."

"சுருளைப் போய் மாவுத் தொட்டியில்! பிசைகிற மாவில் ஒரு பிடி ஆசாரியனுக்குப் போக வேண்டும். சுருள் பட்டால் மாவு..."

"மாவு?"

மல்கியா நிறுத்தினான்.

"சொல்லப்பா. மாவு என்ன ஆகும்?"

"ஒன்றும்... ஒன்றும் ஆகாது, ரபி."

"ஏன் ஆகாது?"

"இது கையைத் தீட்டாக்காது. அதனால் மாவையும் தீட்டாக்காது."

"நல்லது. உனக்குப் பாடம் தெரிகிறது."

அக்சாள் வாய் திறந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த குரல், கரகரவென்று வந்தது.

"அப்போ இது புனிதம் இல்லை என்று தீர்த்துவிட்டீர்கள்."

"ஆமாம் மகளே. கையைத் தீட்டாக்குகிற நூல்களில் இது ஒன்று இல்லை."

"உங்கள் பெட்டியில் இதற்கு இடமில்லை. என் பிள்ளைக்கு ஒரு கல்லறையில்கூட இடம் கிடைக்கவில்லை. எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கிறது."

யோவேசேர் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெட்டியில் இருக்கிற எதையும் இந்தத் தொட்டியின் பக்கம் கொண்டுவர முடியாது, மகளே," என்றார் ரபி. "வேதத்தின் ஐந்து நூலையும் கொண்டுவர முடியாது. துதிப் பாடல்களான சங்கீதங்களைக் கொண்டுவர முடியாது. நீ தொட்டால் கை கழுவ வேண்டும். அடுப்படிக்கு வர அவற்றுக்கு வழியே இல்லை. இது வரலாம்."

அவள் அவரையே பார்த்தாள்.

"வரும் உலகத்தில் பங்கு..." என்று மல்கியா தயங்கித் தயங்கித் தொடங்கினான்.

"அதை நாளைக்குப் பேசலாம் மல்கியா. இந்த உலகத்தில் இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை." ரபி தரையில் உட்கார்ந்தார். "எனக்குப் பசிக்கிறது, மகளே."

வீட்டுக்கு வந்தவன் வாய்விட்டுப் பசிக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்த ஜனங்களுக்கு உட்கார்ந்திருக்க முடியாது. துக்கத்தில் இருந்தாலும் முடியாது. அக்சாள் பக்கத்து வீட்டு ரொட்டியை எடுத்து நீட்டினாள்.

ரபி தட்டிப் பார்த்தார். "இது ரொட்டியா, செக்குக் கல்லின் தம்பியா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் உள்ளே போய் மாவுப் பானையைத் திறந்தாள். வண்டு விழுந்திருந்தது. சலித்தாள். தண்ணீர் ஊற்றினாள்.

"வாசி," என்றார் ரபி.

யோவேசேர் தொட்டியின் அருகே மண்டியிட்டு வாசித்தான். அவள் பிசைந்தாள். முதலில் கை தயங்கியது. பிறகு பழக்கம் திரும்பியது. மழை இறங்கிய இடம் வந்தபோது அவள் இன்னும் வேகமாகப் பிசைந்தாள். கர்த்தர் பதில் சொல்லும் இடத்தில் யோவேசேர் ஒரு வரியை விட்டுவிட்டான்.

"நடுவில் ஒன்று விட்டுப்போச்சு," என்றாள் அக்சாள்.

"எங்கே?"

"அவள் மேலும் கீழும் தடவியது." மாவு அப்பிய விரலைச் சுருளின்மேல் வைத்தாள். வாசிக்கத் தெரியாதவள், ஏறக்குறைய சரியான இடத்தில்தான் வைத்தாள். "இங்கே இருக்கும் பாருங்கள்."

யோவேசேர் இந்தத் தடவை அந்த விரலைப் பார்த்துப் பதறவில்லை.

புகை வந்தது. பிறகு ரொட்டி வந்தது. ரபி கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"சாப்பிடுங்கள் ரபி."

"பிசைந்தவள் பிட்ட பிறகு."

அவள் பிட்டாள். மென்றாள். அழுதாள். மறுபடி மென்றாள். அதன் பிறகுதான் அவர் சாப்பிட்டார். மல்கியாவுக்கும் ஒன்று வந்தது. அவன் வாசலில் நின்றபடியே தின்றான். பிறகு உள்ளே வந்து இன்னொன்று கேட்டான்.

குளிர்காலம் கழிந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. யோவேசேர் மாலையில் தொட்டியருகே வாசித்தான். அக்சாள் சில நாள் கேட்டுக்கொண்டே பிசைந்தாள். சில நாள் அவனுக்கு முன்னால் அவளே சொல்லிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் தங்கள் மாவையும் தூக்கிக்கொண்டு அங்கேயே வரத் தொடங்கினார்கள்.

பஸ்கா பண்டிகை நெருங்கியது. பஸ்காவுக்கு முன் வீட்டில் புளித்த மாவு ஒரு துளி இருக்கக்கூடாது. மூலை முடுக்கெல்லாம் துடைத்துத் தேடி எரிப்பார்கள். யோவேசேரும் தேடினான். ஜன்னல் மாடத்தில் தேடினான். அடுப்புச் சாம்பலில் தேடினான். கடைசியாகத் தொட்டியின் விளிம்பைப் பார்த்தான். தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சுருளில் அங்குலத்துக்கு அங்குலம் மாவு. காய்ந்து, புளித்து, மடிப்பிலெல்லாம் ஏறியிருந்தது.

அவன் மல்கியாவிடம்தான் முதலில் ஓடினான். மல்கியா முகர்ந்து பார்த்தான்.

"சந்தேகமே இல்லை. நல்லாப் புளித்திருக்கிறது. வீட்டில் வைக்க முடியாது."

"சுரண்டினால்?"

"சுரண்டினால் எழுத்தும் வரும்." மல்கியா கொஞ்சம் யோசித்தான். உள்ளே போய் ஓர் ஆட்டுத்தோலை எடுத்து வந்தான். "இதில் புதிதாக எழுதிவிடு. நடுவில் ஓட்டை இருக்கிறது. வேதம் எழுத ஆகாது. வெளிநூலுக்கு ஆகும்."

யோவேசேர் அந்தத் தோலையே பார்த்தான்.

"என்ன பார்க்கிறாய்? வீணாகத்தானே கிடந்தது," என்றான் மல்கியா.

மறுநாள் மத்தியானம் யோவேசேர் ஆலைக்கு வந்தான். ஆட்டும் காலம் முடிந்திருந்தது. ரபி ஜாடிகளைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். யோவேசேரின் விரலில் மை ஈரமாக இருந்தது. அவன் பேசாமல் ஒரு ஜாடியை எடுத்துத் தேய்த்தான்.

"எழுதி முடித்தாயா?" என்றார் ரபி.

"பாதியில் நிற்கிறது."

"தோல் போதவில்லையா?"

"தோல் இருக்கிறது. மாவு ஒட்டிய இடத்தில் பழைய எழுத்து போய்விட்டது, ரபி. அக்சாள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். ஒரு சொல்கூடப் பிசகாமல் சொல்கிறாள். கதவில் தட்டுகிற இடம் வரைக்கும்."

"அங்கே என்ன?"

"மருத்துவச்சியின் கை என்றாள். தச்சனின் கை என்றாள். அதோடு நிற்க வேண்டும். அவள் நிற்கவில்லை." யோவேசேர் ஜாடியைக் கீழே வைத்தான். "இது மில்காளின் கை என்றாள்."

ரபி தண்ணீரைக் கொட்டினார்.

"நான் எழுதுகோலைத் தூக்கிவிட்டேன். அப்படி இல்லையே என்றேன். அவள் இருக்கிறது என்றாள். இல்லை அக்சாள், எனக்குத் தெரியாதா, ஆயிரம் தடவை வாசித்தவன் என்றேன். எனக்கு இருக்கிறது என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்."

"நீ?"

"உங்களிடம் வந்தேன். என் ஆயுசில் நான் ஓர் எழுத்தைக் கூட்டியதில்லை, ரபி. ஓர் எழுத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உலகத்தையே கெடுத்தவன் ஆவாய் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்."

"பெட்டியில் இருக்கிற நூல் ஒன்றில் நீ உன் மகள் பேரைச் சேர்த்து எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன்?"

"என் எழுதுகோலை முறித்திருப்பீர்கள்."

"முறித்திருப்பேன். சுருளையும் புதைத்திருப்பேன்."

ரபி அடுத்த ஜாடியைக் கவிழ்த்தார்.

"இது பெட்டியில் இல்லை," என்றார் ரபி. "அவள் சொன்னபடி எழுது."

யோவேசேர் அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு படி வரைக்கும் போனான். ரபி கூப்பிட்டார்.

"யோவேசேர்."

"ரபி?"

"அந்தப் பேரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. அக்சாள் வாசிக்கப் பழகும்போது அதிலிருந்து தொடங்கட்டும்."